துண்டுக்குள் அசையாத கை

வாங்க கண்ணுகளா, எட்ட உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். நெருங்கி உட்காருங்கள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தவர்கள் போய் அணைத்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு கையின் கதை. மாட்டுச் சந்தையில் தொடங்கி ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போய் வீடு திரும்புகிற கதை. நடுவில் ஓர் இடத்தில் பயமாக இருக்கும். அப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்திரமாகக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் சென்றாயன் என்று ஒரு மாட்டுத் தரகர். எழுபதைத் தாண்டிய ஆள். சந்தையில் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து விலை முடித்துக் கொடுப்பது அவர் தொழில். அந்த விலையை வாயால் பேசமாட்டார்கள். இருவரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே எந்த விரலைப் பிடிக்கிறார்கள், எத்தனை விரலைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவன் எட்டிப் பார்த்தாலும் துண்டுதான் தெரியும். பேரம் நடக்கும்போது வாய் திறக்கக்கூடாது, அது முறையில்லை. கேட்ட விலை பிடிக்கவில்லையென்றால் எதிராளியின் கையைத் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் கை அப்படியே கிடந்தால் சம்மதம். துண்டை எடுத்த பிறகு அதை மாற்றிப் பேசுகிறவனுக்குச் சந்தையில் மறுபடி யாரும் கை கொடுக்கமாட்டார்கள்.

ஊரார் மாட்டையெல்லாம் கைமாற்றிவிட்ட சென்றாயன் தனக்கென்று வைத்திருந்தது ஒரே ஒரு பசு. செந்நிறம், பெயர் பவளம். அதன்மேல் கண் வைத்திருந்தவர் நூர் பாஷா. இண்டூரில் பால் வியாபாரம். அவரும் அவர் மனைவி ஷகிலாவும் கறவை மாடுகளைக் குழந்தைகள்போல வளர்ப்பார்கள். சந்தை கலைந்ததும் பாஷா தன் துண்டை எடுத்துச் சென்றாயன் கைமேல் போடுவார்.

"கவுண்டரே, இந்த வாட்டி பவளத்துக்கு நல்ல வெல."

உள்ளே விரலைப் பிடிப்பார். சென்றாயன் தள்ளிவிடுவார். இன்னொரு விரல் சேரும். மறுபடியும் தள்ளு. இப்படியே பல வருடம். தள்ளுகிற வேகத்தை வைத்தே பாஷா சொல்லிவிடுவார்: "இன்னைக்கு வூட்ல தங்கச்சிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்க. தள்ளு சொரத்தில்ல."

தங்கச்சி என்றது சென்றாயன் மனைவி காசியம்மாளை.

போன மழைக்காலம் முடிகிற சமயம், சந்தையில் ஒரு மாட்டின் கயிற்றைப் பிடித்தபடியே சென்றாயன் கண் சொருகிக் கீழே சரிந்தார். மாடு நல்ல மாடு, மிதிக்காமல் நின்றது. அதற்கு முன்பே கொஞ்ச நாளாக மேடு ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தருமபுரியில் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, சேலத்துக்குப் போகச் சொன்னார்கள்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பார்த்த டாக்டரம்மா சின்ன வயதுதான், ஆனால் அவசரப்படாமல் பேசுகிறவர். காசியம்மாளோடு, ஓசூரில் வேலை பார்க்கும் மகள் நிர்மலாதேவியும் லீவு போட்டு வந்திருந்தாள். மூன்று பேரையும் எதிரில் உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னார்:

"இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் போற எடத்துல ஒரு கதவு இருக்கு. வால்வுன்னு சொல்லுவோம். ஐயாவுக்கு அதுல சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு. திறக்கவே மாட்டேங்குது. இப்படியே விட்டா ரொம்ப காலம் தாங்காது."

"நெஞ்சப் பொளக்கணுமா?" என்று கேட்டார் சென்றாயன்.

"வேணாம். தொடையில சின்னதா ஒரு துளை. அது வழியா புது வால்வை மடிச்சு, குழாய்ல கொண்டுபோய், பழைய வால்வுக்குள்ளயே விரிச்சு விட்டுடுவோம். மறுநாளே எழுந்து உக்காருவீங்க."

காசியம்மாளுக்கு மூச்சு வந்தது. ஆனால் டாக்டரம்மா அதோடு நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். புதுசை விரிக்கறப்ப பழசுல இருக்கற சுண்ணாம்பு ஒரு துணுக்கு உடைஞ்சு, ரத்தத்தோட மூளைக்குப் போயிடலாம். சில சமயம் ரத்தம் உறைஞ்சு போய் அடைக்கும். நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்குப் பக்கவாதம் வருது. வந்தா ஒரு பக்கம் கை கால் விழலாம், பேச்சு குழறலாம். கழுத்துல போற ரத்தக்குழாய்ல வலை மாதிரி ஒண்ணு வெச்சு, துணுக்கைப் பிடிக்கப் பார்ப்போம். அதுவும் எல்லாத்தையும் பிடிச்சிடும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"டீ வடிகட்டி மாதிரிங்களா?" என்றாள் காசியம்மாள்.

"அதே மாதிரிதாம்மா."

"வடிகட்டியில தூள் எறங்கத்தானே செய்யுது."

டாக்டரம்மா சிரித்தார். ஆமாம் என்று தலையசைத்தார்.

சென்றாயன் தன் வலது கையை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கை போவும்?" என்று கேட்டார்.

"அதை முன்கூட்டி சொல்ல முடியாதுங்க ஐயா."

"எடது கைன்னா எடுத்துக்கச் சொல்லுங்க. நா ஒண்ணும் கேக்கமாட்டன்."

நிர்மலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும், அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இடது கையைக் கொடுத்து எந்தச் சந்தையிலும் விலை பேசமுடியாது. அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்வதாகக் கூறித் திரும்பிவிட்டார்கள். சென்றாயன் மாட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். பவளத்தின் கழுத்துச் சதையை நீவிக்கொண்டே சொன்னார்: "மூச்சு போனா ஒரே வாட்டி போவும் காசி. கையி போனா தெனமும் போவும். காலையில எந்திரிச்சா போவும், சோத்துல கை வெச்சா போவும்."

"ஒன் கை எனக்கெதுக்கு மாமா? சோறு நா ஊட்டறேன், கோவணம் நா கட்டி வுடறேன். மூச்ச ஒனக்கு பதுலா நா வுட முடியுமா?"

"பேச்சும் போவுமாம்."

"போனா போவட்டும். நீ பேசி இந்த வூட்ல எது நடந்திருக்கு?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவருக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சு அடங்குகிறவரை காசியம்மாள் அவர் முதுகில் கை வைத்து நின்றாள். வாசலில் செருப்புச் சத்தம், நூர் பாஷா வந்திருந்தார். விஷயம் கேட்டதும், "செஞ்சுக்கய்யா" என்றார். "நீ போயிட்டா பவளத்த நா யாருகிட்டக் கேக்கறது? தங்கச்சிகிட்டக் கேட்டா வெளக்கமாறுதான் வரும்."

சென்றாயன் சரி என்றார். யார் சொல்லி மனம் திரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கென்னவோ அந்த மூச்சு வாங்கியதுதான் சொல்லியிருக்கும் என்று தோன்றுகிறது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலையும் வைத்தார்கள், முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். வலையில் கடுகை நுணுக்கியதுபோல நாலு துணுக்கு சிக்கியிருந்ததாம். டாக்டரம்மா வெளியே வந்து காசியம்மாளைத் தனியாக அழைத்தார்.

"வால்வு நல்லா திறந்து மூடுது. ஆனா முதல் ரெண்டு நாள் கவனமா இருக்கணும். நர்ஸ் வந்து பார்ப்பாங்க, நீங்களும் பாருங்க. முகம் ஒரு பக்கம் கோணுதா, ரெண்டு கையும் சமமா தூக்கறாரா, பேச்சு சரியா வருதா. எது மாறினாலும் உடனே கூப்பிடுங்க. அசதி, தூக்கம்னு நீங்களா ஒரு காரணம் சொல்லிக்காதீங்க. ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு முக்கியம்."

காசியம்மாள் அன்று முழுக்க அவரை நிம்மதியாக விடவில்லை. "மாமா, கைய தூக்கு. பேரச் சொல்லு. பல்லக் காட்டு."

"என்னா காசி இது, மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்கறாப்பல பாக்கற?"

"நீ ஆயிரம் மாட்டுக்குப் பாத்த இல்ல? இப்ப எம் முறை. ஈ காட்டு."

மறுநாள் காலை அவரை வார்டுக்கு மாற்றினார்கள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கையைத் தூக்கினார், பேசினார், காபியில் சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொன்னார். நிர்மலா முகம் கழுவி வரப் போனாள். வெந்நீர் வாங்கி வரலாம் என்று ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காசியம்மாள் கீழே இறங்கினாள். கேன்டீனில் கூட்டம்.

அந்த இடைவெளியில்தான் நூர் பாஷா வந்தார். காலை பஸ்ஸைப் பிடித்து, ஒரு பை கொய்யாப்பழத்தோடு. கட்டில் ஓரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கவுண்டரே, புதுக் கதவு மாட்டிட்டாங்களாமே. சாவி யாருகிட்ட?"

சென்றாயன் பாதிக் கண் திறந்து பார்த்தார். பதில் இல்லை. பார்வை பாஷா மேலேயே இருந்தது. இந்தப் பார்வை பாஷாவுக்குப் பழக்கம். துண்டுக்குள் கை இருக்கும்போது சென்றாயன் இப்படித்தான் வாயை இறுக்கிக்கொண்டு பார்ப்பார். ஓகோ, இங்கேயுமா என்று பாஷாவுக்குக் குஷியாகிவிட்டது. போர்வையை இழுத்து அவருடைய வலது கைமேல் மூடினார். தன் கையை உள்ளே விட்டார். நோயாளியைச் சீண்டிச் சிரிக்கவைக்கலாம் என்று வேண்டுமென்றே அடிமாட்டு விலையாக ஒரு விரலைப் பிடித்தார். தள்ளப்போகிறார், திட்டப்போகிறார் என்று காத்திருந்தார்.

கை தள்ளவில்லை. பாஷாவின் உள்ளங்கையில் அப்படியே கிடந்தது.

பாஷா இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். கை அசையவில்லை. சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாஷாவின் கண் கலங்கிவிட்டது. சாவைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு மனம் இளகியிருக்கிறது, இத்தனை வருடம் கேட்டவனுக்கு இனாமாகவே தூக்கிக் கொடுக்கிறான் என்று நினைத்தார். "ஷகிலா அத எம்புட்டு ஆசையாப் பாத்துப்பா தெரியுமா" என்று குனிந்து சொன்னார். "நீ எப்ப வந்தாலும் வந்து பாரு. உம் மாடுதான் அது. எங்கூட்ல நிக்குது, அவ்ளதான்." அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உட்கார்ந்து என்னென்னவோ பேசினார். சென்றாயனுடைய கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு நல்ல சேதியைச் சொல்ல வெளியே வந்தார். படியேறி வந்த காசியம்மாள் எதிரில் வந்தாள்.

"தங்கச்சி, பவளத்த எனக்குக் குடுத்துட்டாரு உன் வூட்டுக்காரரு."

"யாரு? எங்க மாமாவா? காலங்காத்தால கனா கண்டீங்களா பாயண்ணா?"

"அல்லா மேல ஆணையாச் சொல்றன். துண்டுக்குப் பதுலா போர்வ. கைய தள்ளவேயில்ல."

"என்னா வெல கேட்டீங்க?"

பாஷா கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு விரலைக் காட்டினார்.

காசியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த வெலைக்கா? தூக்கத்துலயே தள்ளிவுட்டிருப்பாரே! அவரு..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்தக் கை பாயண்ணா?"

"வலது கைதான். வேற எந்தக் கையில கேப்பன்?"

"வாயால ஏதாச்சும் சொன்னாரா?"

"துண்டுக்குள்ள பேசறப்ப வாயத் தொறப்பமா தங்கச்சி?"

ஃபிளாஸ்க்கை அவர் நெஞ்சில் திணித்துவிட்டு காசியம்மாள் ஓடினாள். அறுபத்தைந்து வயதுக்காரி, முழங்கால் வலிக்காரி, வார்டில் இருந்தவர்கள் எழுந்து வழிவிடுகிற மாதிரி ஓடினாள்.

"மாமா, கைய தூக்கு."

இடது கை எழுந்தது. வலது கை போர்வைமேல் யாரோ கழற்றி வைத்ததுபோலக் கிடந்தது.

"பேரச் சொல்லு மாமா. ஏம் பேர ஒரு வாட்டி சொல்லு."

உதடு ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அவருக்கே அது தெரிந்து, கண்ணோரம் நீர் இறங்கியது.

"சிஸ்டர்! கை வரல! எங்க மாமாவுக்குக் கை வரல!"

அதற்கப்புறம் எல்லாம் வேகம். நர்ஸ் மணியை அடித்தாள், டாக்டர்கள் வந்தார்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனார்கள். தலையின் இடது பக்கம் போகிற ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு. முதல் நாள் நெஞ்சுக்குப் போனதுபோலவே இந்த முறை தலைக்குக் குழாய் விட்டு, அடைத்திருந்ததை இழுத்து எடுத்தார்கள்.

கதவுக்கு வெளியே நீள நாற்காலியில் மூன்று பேர். நூர் பாஷா கொய்யாப்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அவன் தலைக்குள்ள அடச்சுக்கிட்டுக் கெடக்கறான். நா பக்கத்துல உக்காந்து மாட்டுக்கு நன்றி சொல்லிட்டிருந்தன் தங்கச்சி. எம்மா நேரம் பேசினன்னுகூடத் தெரியல."

காசியம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க வந்து சொல்லலன்னா, அசந்து படுத்திருக்காரு, தூங்கட்டும்னு நா போர்வய இழுத்து வுட்டிருப்பன்."

அவர் உட்கார்ந்து பேசியதில் நேரம் போனதும் மெய், அவர் வந்து சொன்னதால்தான் தெரிந்ததும் மெய். இரண்டையும் ஒரே மனிதர் சுமக்க வேண்டியிருந்தது. அது லேசான சுமையில்லை கண்ணுகளா.

டாக்டரம்மா வெளியே வந்தார். "அடைப்பை எடுத்துட்டோம். உயிருக்குப் பயமில்ல. ஆனா கொஞ்சம் எடம் அடிபட்டிருக்கு. எவ்வளவு திரும்பி வரும்னு போகப் போகத்தான் தெரியும். இன்னும் தாமதிச்சிருந்தா நான் இந்த அளவுகூட சொல்லியிருக்க முடியாது."

வீட்டுக்கு வந்த சென்றாயன் மெல்லத் தாங்கித் தாங்கி நடந்தார். மூச்சு வாங்கவில்லை, புதுக் கதவு அதன் வேலையைச் செய்தது. கைதான் வரவில்லை. பேச்சும் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தது. முதலில் திரும்பி வந்த சொல், பவளம். தண்ணீர் வேண்டுமென்றாலும் பவளம், விளக்கைப் போடு என்றாலும் பவளம். காசியம்மாளைக் கூப்பிடவும் அதுதான்.

"பாருடி நிர்மலா" என்பாள் காசியம்மாள். "நாப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்தி, கடசீல மாட்டுப் பேர வாங்கிக்கிட்டன்." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நாளாக நாளாக மற்றச் சொற்களும் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. வழி தப்பின மாடு சாயங்காலம் தானே வந்து நிற்கும் பாருங்கள், அப்படி. ஒரு நாள் "கா... சி" என்றார். அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள்.

கைக்குப் பயிற்சி சொல்லியிருந்தார்கள். பஞ்சுப் பந்தை அமுக்க வேண்டும், துவரைக்காய் உரிக்க வேண்டும். சென்றாயன் பந்தைத் தூக்கி எறிந்துவிடுவார், அதுவும் இடது கையால். துவரைக்காய் முறத்தில் வாடிக் கிடக்கும். வலது கையை மடியில் போட்டு மேலே துண்டை மூடி, பார்க்கப் பிடிக்காததுபோல மறைத்துவைத்திருந்தார். நூர் பாஷாவோ அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. தெருமுனைவரை வந்து திரும்பிப் போவதைக் காசியம்மாள் பார்த்திருக்கிறாள்.

ஒரு சந்தை நாளன்று போனை எடுத்தாள்.

"பாயண்ணா, பவளத்த வித்துடலாம்னு இருக்கம். வந்து வெல கேளுங்க."

பாஷா பதறிக்கொண்டு வந்தார். "எதுக்குத் தங்கச்சி விக்கறீங்க? தீனி போட முடியலன்னா நா வந்து போடறன். அந்த மாட்டப் பாக்கவே எனக்கு ஒடம்பு கூசுது."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? மாட்டுக்குச் சொந்தக்காரரு அங்க உக்காந்திருக்காரு. முறையாக் கேளுங்க."

சென்றாயன் நிமிர்ந்து பார்த்தார். பாஷா எதிரில் உட்கார்ந்தார். சென்றாயன் மடியில் துண்டு ஏற்கனவே மூடித்தான் இருந்தது. பாஷா தயங்கித் தயங்கிக் கையை உள்ளே விட்டார். இந்த முறை விளையாட்டு விலை கேட்கவில்லை, மனதறிந்து நல்ல விலையாகவே விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். வாய் பேசவில்லை. முறை முறைதானே.

கை அசையவில்லை.

பாஷாவின் முகம் வெளிறியது. அதே கனம், அதே சும்மா கிடக்கிற கை. எழுந்துவிடலாம் என்று அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்த சமயம், உள்ளே ஏதோ ஒன்று உரசியது. கன்றுக்குட்டி மூக்கால் முட்டுமே, அவ்வளவுதான் பலம். கட்டைவிரலும் அடுத்த விரலும் மெல்ல எழுந்து பாஷாவின் கையை ஓர் அங்குலம் நகர்த்தின.

தள்ளிவிட்டார்.

பாஷா இன்னொரு விரலைச் சேர்த்தார். சென்றாயனுக்கு நெற்றியில் வேர்வை. மறுபடியும் தள்ளினார். பாஷாவின் தாடி நனைந்துகொண்டிருந்தது. இன்னொரு விரல், மறுபடியும் தள்ளு. சந்தையில் இத்தனை வருடமாக அத்தனை பேரிடம் பேரம் பேசிய பாஷா, வேண்டாம் என்ற பதிலுக்கு அன்றுபோல என்றைக்கும் சந்தோஷப்பட்டதில்லை.

"போதும் பாயண்ணா" என்றாள் காசியம்மாள். "கையி வலிக்கும். நாளைக்கு வந்து கேளுங்க."

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற வழியில் ஒரு பேரம், பத்துப் பதினைந்து தள்ளு. அடுத்த முறை சேலத்துக்குப் போனபோது, கையில் இவ்வளவு பலம் எப்படி வந்தது, என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"மாடு... விக்காம... இருக்கறங்க" என்றார் சென்றாயன்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறவள் ஆவேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இன்னும் சரியாக மடங்கவில்லை. அந்த இரண்டு விரலால் குறிக்கிற விலையை அவரால் சொல்ல முடியாது. பேச்சும் சில சமயம் நடுவில் நூல் அறுந்துபோகும், காசியம்மாள் எடுத்துக் கொடுப்பாள். சந்தைக்குப் போகிறார், உட்கார்ந்திருக்கிறார், கேட்டவர்களுக்கு மாட்டின் உடம்பில் உள்ள சுழியைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறார். பவளம் போன மாதம் ஒரு கிடாரிக் கன்று ஈன்றது. சென்றாயன் ஆளனுப்பி ஷகிலாவை வரச்சொல்லி, கன்றின் கயிற்றை அவள் கையில் கொடுத்தார், தாய்ப்பால் மறந்ததும் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி. துண்டும் போடவில்லை, விலையும் பேசவில்லை. பாஷா மட்டும், "தாய எப்பக் குடுப்ப?" என்று கையை நீட்டினார். சென்றாயன் நன்றாகவே தள்ளிவிட்டார்.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகுமுன் பக்கத்தில் இருப்பவரின் கையை ஒரு தரம் பிடித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் பிடித்த கையெல்லாம் திருப்பிப் பிடிக்கட்டும். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் குரல் வரட்டும். வேண்டாம் என்கிறவர் வேண்டாம் என்று சொல்லவும், வேண்டும் என்கிறவர் வாய் நிறையக் கேட்கவும் நெடுங்காலம் தெம்போடு இருக்கட்டும். கொட்டகையில் கன்றும், அடுப்பில் பாலும், வாசலில் வந்து நிற்கிற சிநேகிதமும் குறையாமல், உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும்.